பழைய கேம் கன்சோலில் வேறு கன்ட்ரோலரைச் செருகலாமா?

ஸ்டோர் ரூமைச் சுத்தம் பண்ணும்போது அப்பாவோட பழைய மைக்ரோ ஜீனியஸ் பெட்டி கிடைக்கிறது. டிவியில் மாட்டினால் படம்கூட வருகிறது. ஆனால், கன்ட்ரோலரில் பாதி பட்டன்கள் வேலை செய்யவில்லை. பக்கத்தில் வேறொரு பழைய கன்சோலின் கன்ட்ரோலர் இருக்கிறது. அதற்கும் அதே மாதிரி 9 பின் ப்ளக்தான். செருகிப் பார்க்கலாமா?

கொஞ்சம் பொறுங்க. ப்ளக் ஒரே வடிவத்தில் இருக்கலாம். உள்ளே எந்த பின்னில் என்ன ஓடுகிறது என்பதுதான் முக்கியம்.

9 பின் ப்ளக்கின் கதை

1977-இல் வந்த அட்டாரி 2600 இந்த ப்ளக்கைப் பிரபலமாக்கியது. அதன் ஜாய்ஸ்டிக்கில் சிப் எதுவும் கிடையாது. வெறும் 5 சுவிட்ச்: மேல், கீழ், இடம், வலம், ஃபயர். எதை அழுத்தினாலும் அதற்குரிய பின், 8-ஆம் பின்னில் உள்ள கிரவுண்டுடன் இணைகிறது. அவ்வளவு எளிமை என்பதால் காமடோர் 64, சேகா என்று பலரும் அதே ப்ளக்கை எடுத்துக்கொண்டார்கள்.

1988-இல் வந்த சேகா மெகா டிரைவ் கன்ட்ரோலரில் 4 திசைகளோடு ஏ, பி, சி, ஸ்டார்ட் பட்டன்களும் உண்டு. மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் பின் ஒதுக்கியபிறகு இத்தனைக்கும் இடம் போதாது. அதனால் உள்ளே ஒரு சிப் வைத்தார்கள். கன்சோல் 7-ஆம் பின் வழியாக மாற்றி மாற்றிக் கேட்கும். சிப் ஒவ்வொரு தடவையும் ஒரு செட் பட்டன்களைப் பற்றிப் பதில் சொல்லும்.

இதை அட்டாரி 2600-இல் செருகினால் என்ன ஆகும்? அங்கே 7-ஆம் பின்னில் எப்போதும் 5 வோல்ட். ஆகவே, ஒரே செட் மட்டும்தான் பதில் சொல்லும். அந்தச் செட்டில் திசைகளும் பி பட்டனும் இருப்பதால் பி பட்டன் ஃபயராகிவிடுகிறது. அதிர்ஷ்டம்தான்! பலர் இப்படித்தான் விளையாடுகிறார்கள்.

காமடோர் 64-இல் அதே வேலையைச் செய்யாதீங்க. அதில் ஜாய்ஸ்டிக் பின்களும் கீபோர்டும் ஒரே சிப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. மெகா டிரைவ் கன்ட்ரோலரின் சிப்பும் கணினியும் ஒரே வயரில் எதிரெதிராக மின்சாரம் தள்ளினால் கணினியின் சிப் கெட்டுப்போகக்கூடும்.

மைக்ரோ ஜீனியஸுக்கு என்ன பதில்?

செருகாதீங்க. 80-களிலும் 90-களிலும் மலேசிய வீடுகளில் பிரபலமாக இருந்த இந்தத் தைவான் பெட்டி, நின்டெண்டோ ஃபேமிகாமைப் பார்த்துச் செய்யப்பட்டது. இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் 9 பின் ப்ளக்தான். ஆனால், வயரிங் முற்றிலும் வேறு. பொதுவாக 6-ஆம் பின்னில் 5 வோல்ட், 8-இல் கிரவுண்ட். அட்டாரி ஜாய்ஸ்டிக்கின் ஃபயர் பட்டன் எந்த இரண்டு பின்களை இணைக்கிறது? அதே 6-ஐயும் 8-ஐயும்தான். ஒரு தடவை அழுத்தினாலே ஷார்ட் சர்க்யூட்.

(அசல் ஃபேமிகாமில் இந்தக் குழப்பமே வராது. கன்ட்ரோலர் வயர்கள் பெட்டியோடு நிரந்தரமாக இணைந்திருக்கும். வேறு கன்ட்ரோலர் வேண்டுமென்றால் முன்பக்கத்து 15 பின் துளைதான் வழி. எல்லா கேம்களும் அதை ஏற்காது.)

சூப்பர் நின்டெண்டோ கன்ட்ரோலர், பழைய நின்டெண்டோவில்?

இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இரண்டு கன்சோல்களின் ப்ளக்குகளும் பொருந்தவே பொருந்தாது. ஆனால், பேசும் மொழி ஒன்றுதான்! இரண்டிலும் 5 வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. லாட்ச் சிக்னல் வந்ததும் கன்ட்ரோலர் எல்லாப் பட்டன்களின் நிலையையும் பிடித்துக்கொள்ளும். பிறகு, கிளாக் ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் ஒரு பட்டனின் நிலையை டேட்டா வயரில் அனுப்பும்.

பழைய நின்டெண்டோ 8 பட்டன்களை மட்டும் படிக்கும்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், பிறகு 4 திசைகள். சூப்பர் நின்டெண்டோ அனுப்பும் வரிசையில் முதலில் வருபவை பி, ஒய், செலக்ட், ஸ்டார்ட், 4 திசைகள். மற்ற பட்டன்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான். ஆகவே, 5 வயர்களைச் சரியாக இணைத்தாலே போதும். பி அழுத்தினால் ஏ, ஒய் அழுத்தினால் பி. கட்டைவிரலுக்கும் வசதியான இடம். சிப்பே இல்லாத அடாப்டர் போதும்.

புளூடூத் கன்ட்ரோலர் என்றால்?

அங்கே வெறும் வயர் போதாது. பிளேஸ்டேஷன் 4 கன்ட்ரோலர் பேசுவதைப் பழைய கன்சோலுக்குப் புரியும்படி மாற்ற, அடாப்டருக்குள் ஒரு சின்னக் கணினியே வேண்டும். ஈஎஸ்பி32 சிப்பை வைத்து ஆர்வலர்கள் செய்த புளூரெட்ரோ இந்த வகைதான்.

இதில் கவனிக்க வேண்டியது தாமதம். நொடிக்கு 60 படம் காட்டும் கேமில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லிசெகண்ட். அடாப்டர் அதைவிட அதிக நேரம் எடுத்தால், குதிக்க வேண்டிய இடத்தில் உங்கள் வீரர் பள்ளத்தில் விழுந்திருப்பார்.

1996-இல் வந்த நின்டெண்டோ 64-இல் இன்னொரு சிக்கல். அதன் அனலாக் ஸ்டிக் உள்ளே பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசித் தேய்ந்து தளர்ந்துவிடும். அதனால் மாற்று தேடுவோர் அதிகம். ஆனால், அசல் ஸ்டிக் ஒரு பக்கத்துக்குச் சுமார் 80 என்ற அளவு வரைதான் காட்டும். புதிய கன்ட்ரோலர் 127 வரை அனுப்பினால் சில கேம்களில் வீரர் லேசாகத் தொட்டாலே ஓடுவார். நல்ல அடாப்டரில் இந்த அளவைக் குறைக்கலாம். வாங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்களே அடாப்டர் செய்வதாக இருந்தால் அசல் கன்ட்ரோலரின் வயரை வெட்டாதீங்க. எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்றை வாங்கி அதை வெட்டுங்கள். வயரின் நிறத்தை நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை வைத்து 5 வோல்ட் எது, கிரவுண்ட் எது என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்று. பாதி பட்டன் வேலை செய்யாத அந்த மைக்ரோ ஜீனியஸ் கன்ட்ரோலரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. திருகுகளைக் கழற்றி, ரப்பருக்கு அடியில் உள்ள கறுப்புப் புள்ளிகளையும் சர்க்யூட் போர்டையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். பல நேரங்களில் பிரச்சினை வெறும் அழுக்குதான்.