சென்னை வானொலிக்கு எது பிறந்தநாள்? 1924 முதல் 1939 வரை ஓர் ஆய்வு

ஜூலை 23 இந்தியாவில் தேசிய ஒலிபரப்பு நாள். 1927-ஆம் ஆண்டு அந்த நாளில்தான் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியின் பம்பாய் நிலையத்தை வைஸ்ராய் இர்வின் பிரபு தொடங்கிவைத்தார். ஆனால் அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1924 ஜூலை 31 அன்று, சென்னை மாகாண ரேடியோ கிளப் தன் ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த கிளப்புகள் இன்னும் ஓர் ஆண்டு முந்தியவை. அப்படியிருக்க, 1927 எப்படித் தொடக்க ஆண்டாயிற்று?

ஓர் ஒலிபரப்பு நிறுவனம் ஆண்டுவிழாவுக்கு நாள் குறிக்கும்போது தன்னிடம் வந்து முடியும் வம்சாவளியைத்தான் பின்னோக்கித் தேடிப் போகிறது. அந்த வழியில் தென்படாத முன்னோடிகள் வரலாற்று நூல்களில் ஒரு பத்தியோடு நின்றுவிடுகிறார்கள். சென்னையில் அப்படி விடுபட்டுப்போனது ஒரு மாநகராட்சி தன் செலவில் எட்டு ஆண்டுகள் நடத்திய வானொலி. அதை அதற்குரிய இடத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தத் தெரிவு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1920 நவம்பர் 2 வானொலியின் பிறந்தநாளாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அன்றிரவு பிட்ஸ்பர்கிலிருந்து வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் கேடிகேஏ நிலையம் ஹார்டிங்குக்கும் காக்ஸுக்கும் நடந்த அதிபர் தேர்தலின் முடிவுகளை ஒலிபரப்பியது. டெட்ராய்ட்டில் ஒரு நாளிதழின் ஆதரவில் இயங்கிய நிலையம் அதே ஆண்டு ஆகஸ்ட் 20-இலேயே ஒலிபரப்பத் தொடங்கியிருந்தது. பிரிட்டனிலும் இதே கதைதான். பிபிசி 1922 நவம்பர் 14-ஐத் தன் முதல் நாளாகக் கொள்கிறது. செம்ஸ்ஃபோர்டில் இருந்த மார்க்கோனி தொழிற்சாலையிலிருந்து பாடகி நெல்லி மெல்பா பாடியது 1920 ஜூன் 15-இல். ரிட்டில் கிராமத்துக் குடிலிலிருந்து மார்க்கோனி பொறியாளர்கள் வாரந்தோறும் ஒலிபரப்பத் தொடங்கியது 1922 பிப்ரவரி 14-இல். தன் பெயரில் முதல் ஒலி எழுந்த நாளை ஒரு நிறுவனம் விழா நாளாக வைத்துக்கொள்வதில் பிழை ஏதுமில்லை. அந்த நாளை ஒரு நாட்டு ஒலிபரப்பின் தொடக்கமாகவே நீட்டும்போதுதான் சிக்கல் வருகிறது.

கிளப்பின் காலம்

சென்னை மாகாண ரேடியோ கிளப் 1924 மே 16-இல் உருவானது. அதன் உயிர்நாடியாக இருந்தவர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி. இரண்டரை மாதத்தில் ஒலிபரப்பு தொடங்கியது. முதலில் இருந்தது 40 வாட் ஒலிபரப்பி; பிறகு 200 வாட் ஒலிபரப்பி வந்தது. இன்று ஒரு கூடத்தில் எரியும் பழைய குண்டு பல்பின் அளவு மின்திறன்தான் அந்த முதல் ஒலிபரப்பிக்கு இருந்தது. மாலை வேளைகளில் இசையும் உரைகளும் சென்றன.

அன்றைய எளிய கருவி கிரிஸ்டல் செட். ஈயத் தாதுவான கலீனாவின் சிறு துண்டு ஒன்று; அதன் மேல் மெல்லிய கம்பி முனையை வைத்து, ஒலி கேட்கும் புள்ளி அகப்படும்வரை நகர்த்த வேண்டும். மின் இணைப்பு வேண்டாம், பேட்டரி வேண்டாம். மாடியில் நீளமாக ஒரு செம்புக் கம்பியை ஏரியலாகக் கட்டி, இன்னொரு கம்பியைத் தரையில் இறக்கினால் போதும். வானலையில் வரும் ஆற்றல்தான் ஒலியாகிறது. அதனால் ஒலி மிகச் சன்னமாக இருக்கும். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு ஒருவர் மட்டும் கேட்கலாம். 40 வாட் திறனுக்கு நகர எல்லை தாண்டுவதே அரிது. வால்வு வைத்த செட்டுகள் ஒலிபெருக்கியோடு கிடைத்தன. அவை வசதி படைத்தவர் வீட்டுப் பொருட்கள். ஆகவே கிளப் வானொலி சில வீடுகளுக்குள் தனித்தனிக் காதுகளில் ஒலித்த வானொலியாகவே இருந்தது.

1927 அக்டோபரில் பணமில்லாமல் கிளப் மூடப்பட்டது. பம்பாயில் கம்பெனி நிலையம் தொடங்கிய மூன்றாவது மாதம் அது. கிளப்பார் தங்கள் ஒலிபரப்பியைச் சென்னை மாநகராட்சிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தனர். சென்னை ஒலிபரப்பு வரலாற்றின் திருப்பம் இந்தக் கைமாற்றத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பழைய இரும்புக்கு விற்றிருந்தாலோ, உறுப்பினர் ஒருவரின் வீட்டில் முடங்கியிருந்தாலோ கதை அங்கேயே முடிந்திருக்கும்.

1930 ஏப்ரல் 1

தேசிய வம்சாவளியின் முதல் கண்ணியான இந்திய ஒலிபரப்புக் கம்பெனி எப்படி வாழ்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 15 லட்சம் ரூபாய் மூலதனம் திரட்ட நினைத்து 6 லட்சம்தான் திரட்ட முடிந்தது. அதிலும் பெரும்பகுதி பம்பாயிலும் கல்கத்தாவிலும் இரண்டு நிலையங்களைக் கட்டுவதிலேயே கரைந்தது. வருமானத்துக்கு முதன்மையான வழி, வானொலி வைத்திருப்போர் ஆண்டுக்குக் கட்டிய 10 ரூபாய் லைசென்ஸ் கட்டணத்தில் கிடைத்த பங்கு. 1929 முடிவில்கூட நாடு முழுவதும் லைசென்ஸ்கள் எட்டாயிரத்தை எட்டவில்லை. 1930 மார்ச் 1-இல் கம்பெனி கலைப்புக்குப் போனது. தேசிய நாளுக்கு உரிய நிறுவனம் மூன்று வயதைக்கூட நிறைவு செய்யவில்லை.

1930 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு அந்த இரண்டு நிலையங்களையும் எடுத்துக்கொண்டது. இந்திய அரசு ஒலிபரப்புச் சேவை பிறந்தது. அதே 1930 ஏப்ரல் 1 அன்று, ரிப்பன் மாளிகையிலிருந்து சென்னை மாநகராட்சியின் வானொலிச் சேவையும் தொடங்கியது. முன்னதைப் பொருளாதார மந்தம் வாட்டியது. 1931 அக்டோபரில் அரசு தன் சேவையை மூடிவிட முடிவெடுத்தது. வானொலி வணிகர்களும் பொதுமக்களும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு நவம்பரில் மனம் மாறியது. சேவையை நிலையாகத் தொடர்வது என்று உறுதி செய்தது 1932 மே மாதத்தில்தான். அந்தத் தடுமாற்றக் காலம் முழுவதும் சென்னையில் மாநகராட்சி ஒலிபரப்பு நடந்துகொண்டிருந்தது.

மாநகராட்சி நிகழ்ச்சிகளின் அமைப்பில் ஓர் உள்ளாட்சியின் மனம் தெரிகிறது. மாலையில் கச்சேரியும் உரையும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைப் பாடங்களும் கதைகளும். ஞாயிறு, விடுமுறைக் காலைகளில் இசைத்தட்டுகள். மாதம் ஒருமுறை மேற்கத்திய இசை. இதைவிட முக்கியமானது கேட்கும் ஏற்பாடு. மெரினா கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றுக்கு வானொலிப் பெட்டிகள் தரப்பட்டன. லைசென்ஸ் கட்ட வழியில்லாதவரும், பெட்டியை வாழ்நாளில் தொட்டுப் பார்க்காதவரும் மணலில் உட்கார்ந்து கச்சேரி கேட்டார்கள். சபாக்களுக்கு டிக்கெட் வேண்டும். கோயில் கச்சேரி கேட்கத் திருவிழா வர வேண்டும், கோயிலுக்குள் நுழையவிடப்படாத மக்களுக்கு அதுவும் இல்லை. கடற்கரை ஒலிபெருக்கி யாரையும் யாரென்று கேட்கவில்லை. கிளப் காலத்து ஹெட்போனுக்கும் இதற்கும் இடையே ஆறே ஆண்டுகள்தான். சமூக அளவில் அது மிகப் பெரிய தாவல்.

லைசென்ஸ் எண்ணிக்கையை வைத்துத் தொடக்ககால வானொலியை அளக்கும் ஆய்வுகள் இந்தக் கேட்போரைக் கணக்கில் கொள்வதே இல்லை. ஒரு பெட்டிக்கு ஒரு குடும்பம் என்ற கணக்கு பம்பாயின் செல்வர் வீடுகளுக்குப் பொருந்தலாம். மெரினாவுக்குப் பொருந்தாது. 1930-களின் சென்னையில் வானொலி எத்தனை பேரைச் சென்றடைந்தது என்ற கேள்வியை அந்தக் கணக்கிலிருந்து தொடங்கினாலே விடை தவறிப்போகும்.

இதற்கு நெருங்கிய உறவுடைய இன்னொரு முயற்சி மைசூரில் நடந்தது. உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசாமி 1935 செப்டம்பரில் 30 வாட் ஒலிபரப்பியோடு தன் வீட்டிலிருந்து ஒரு நிலையத்தைத் தொடங்கினார். ஆகாசவாணி என்ற பெயர் அங்கிருந்து வந்ததால் அவரை நாடு நினைவில் வைத்திருக்கிறது. கிருஷ்ணசாமி செட்டிக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

அகில இந்தியாவுக்குள் சென்னை

1935 ஆகஸ்டில் லயனல் ஃபீல்டன் பிபிசியிலிருந்து வந்து இந்திய ஒலிபரப்பின் முதல் கட்டுப்பாட்டு அதிகாரியானார். 1936 ஜனவரி 1-இல் டெல்லி நிலையம் வந்தது. ஜூன் 8-இல் அரசுச் சேவை அகில இந்திய வானொலி என்று பெயர் மாறியது. 1938 ஜூன் 16 அன்று சென்னை நிலையம் எழும்பூர் மார்ஷல்ஸ் சாலையில் திறக்கப்பட்டது. ஆளுநர் எர்ஸ்கின் பிரபுவும் மாகாணப் பிரதமர் ராஜாஜியும் அந்த விழாவில் இருந்தார்கள். மாநகராட்சி தன் சேவையை அத்தோடு நிறுத்திக்கொண்டது. சென்னை வானொலி நிலையத்தின் ஆண்டுவிழாக்கள் இந்த நாளிலிருந்துதான் கணக்கிடப்படுகின்றன.

புதிய நிலையத்துக்கு 10 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பியும் கால் கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பியும் இருந்தன. மத்திய அலை தரையை ஒட்டிப் பரவுவது. கால் கிலோவாட் திறனில் அது நகரையும் சுற்றுப்புறத்தையும்தான் தெளிவாக எட்டும். சிற்றலை வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும், ஆனால் ஒலி ஏறி இறங்கித் தேயும். நாகஸ்வரமும் இசையும் செழித்த காவிரிப் படுகைக்குச் சென்னையின் மத்திய அலை போய்ச் சேரவில்லை. 1939 மே 16-இல் ராஜாஜி தொடங்கிவைத்த திருச்சி நிலையம் 5 கிலோவாட் மத்திய அலையோடு அந்தக் குறையைத் தீர்த்தது. தமிழகத்துச் சிற்றூர்களின் காதால் பார்த்தால் 1938-ஐவிட 1939-தான் பெரிய ஆண்டு. ஆனால் விழா வரிசையில் அது இரண்டாம் இடத்திலேயே இருக்கிறது. 1947-இல் விடுதலை பெற்ற இந்தியாவுக்குக் கிடைத்த ஆறு வானொலி நிலையங்களில் சென்னையும் திருச்சியும் இரண்டு.

கொழும்பில் நிலைமை வேறு. தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1920-களின் தொடக்கத்தில் சோதனைகள் நடத்தினார். 1925 டிசம்பர் 16-இல் ஆளுநர் ஹியூ கிளிஃபர்ட் முறையான சேவையைத் தொடங்கிவைத்தார். சோதனையும் சேவையும் அரசுத் துறைக்குள்ளேயே நடந்ததால் முன்னோடியையும் நிறுவனத்தையும் பிரிக்கும் பிளவு அங்கே எழவில்லை. ஹார்ப்பரின் பெயர் இலங்கை வானொலி வரலாற்றின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

தொலைக்காட்சிக்கு வரும்போது இந்தப் பிரச்சினை ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. டெல்லியில் 1959 செப்டம்பர் 15, சென்னையில் 1975 ஆகஸ்ட் 15: இரண்டு நாட்களும் அரசு நிறுவனத்தின் நாட்களே. தனியாரோ நகராட்சியோ நுழைய இடமே இருக்கவில்லை. ஒன்று மட்டும் தொடர்ந்தது. யுனெஸ்கோ உதவியோடு டெல்லியில் தொடங்கிய சேவை, வாரம் இரு நாள், சுற்றுவட்டாரத்தில் அமைத்த டெலிகிளப்புகளில் கூடியிருந்தவர்களுக்காகவே நடந்தது. பெட்டி பொதுவானது, பார்ப்பவர் பலர். மெரினாவில் மாநகராட்சி 1930-இலேயே கண்டுபிடித்த வழி அது.

சென்னையின் முதல் ஒலிபரப்புக்கு 2024 ஜூலை 31-இல் நூறாண்டு நிறைந்தது. அடுத்து 2030 ஏப்ரல் 1 மாநகராட்சி வானொலியின் நூற்றாண்டு. அந்தச் சேவை குறித்து இன்று நம் கையில் இருப்பவை பெரும்பாலும் அகில இந்திய வானொலி வரலாற்று நூல்களின் சில பத்திகள். எழுதியவர்கள் தங்கள் நிறுவனத்தின் முன்னுரையாகவே அதைப் பார்த்தார்கள். மாநகராட்சி மன்றத்தின் கூட்டக் குறிப்புகளிலும், வரவுசெலவு அறிக்கைகளிலும், அக்கால நாளிதழ்கள் வெளியிட்ட நிகழ்ச்சி நிரல்களிலும் தேட வேண்டும். யார் பாடினார்கள், அவர்களுக்கு என்ன சன்மானம் தரப்பட்டது, எந்தப் பள்ளிக்குப் பெட்டி போயிற்று, மாமன்றத்தில் யார் எதிர்த்தார்கள், யார் விடாப்பிடியாக நின்றார்கள் என்ற கேள்விகளோடு அந்தத் தாள்களை ஒருவர் திறக்க வேண்டும். இசை ஆய்வாளர்களும் நகர வரலாற்றாளர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. அதைத் தொடங்க நூற்றாண்டு நாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.