எம்.புதுப்பட்டிக்கு டிவி வந்த வழி

பழைய டிவி நிகழ்ச்சிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் நாற்பதைத் தாண்டிய யாரையும் நிறுத்த முடியாது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படம், நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் ‘எதிரொலி’, வயலே இல்லாதவர்களும் வேறு வழியில்லாமல் பார்த்த ‘வயலும் வாழ்வும்’... 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு நேரத்தில் தூர்தர்ஷன் மறுபடி ராமாயணம் போட்டபோது, கையில் ஆயிரம் சேனல் இருந்தும் எத்தனையோ வீடுகளில் அதைத்தான் பார்த்தார்கள்.

இந்த ஞாபகங்களில் ஆன்டெனா இருக்கும், அதைத் திருப்ப மொட்டை மாடிக்கு ஏறிய அண்ணன் இருப்பார், ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ அட்டை இருக்கும். ஒரு விஷயம் மட்டும் இருக்காது. அந்தப் படம் எங்கிருந்து வந்தது?

சென்னையில் இருப்பவருக்கு இது ஒரு கேள்வியே இல்லை. 1975 ஆகஸ்ட் 15ல் மெட்ராஸ் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது, கோபுரம் கண்ணெதிரே நின்றது. ஆனால் எம்.புதுப்பட்டி மாதிரி ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். சிவகாசி வட்டாரம், பட்டாசுக் கந்தக பூமி. அன்றைக்கு அது விருதுநகர் மாவட்டம் கூட இல்லை, பழைய ராமநாதபுரம் மாவட்டம். சென்னையிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். டிவி அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறவை, பூமியோ உருண்டை. எவ்வளவு பெரிய கோபுரம் கட்டினாலும் நூறு கிலோமீட்டர் சுற்றளவைத் தாண்டினால் படம் மங்கிப்போகும். ஆக, மெட்ராஸ் டிவி என்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் பல வருஷம் வெறும் செய்திதான்.

கோபுரத்தால் முடியாததை எது செய்யும்? ரொம்ப ரொம்ப உயரமான ஒரு கோபுரம்! 1945லேயே ஆர்தர் சி. கிளார்க் இதற்குக் கணக்குப் போட்டு எழுதிவிட்டார். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் சுற்றினால், அது பூமியோடு சேர்ந்தே சுற்றும், பார்க்கிறவனுக்கு ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். அங்கிருந்து பார்த்தால் முழு இந்தியாவும் தெரியும்.

இந்தியா இதை முதலில் கடன் வாங்கித்தான் சோதித்தது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் மூலம் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகவே டிவி காட்டினார்கள். சைட் என்று பெயர். கோழி வலை மாதிரி கம்பிவலையில் செய்த மூன்று மீட்டர் டிஷ், ஊருக்கு ஒரு பெட்டி, தினமும் நாலு மணி நேரம். ராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரா, கர்நாடகா என்று ஆறு மாநிலங்கள். தமிழ்நாடு அதில் இல்லை. (கொசுறு: அப்போது இலங்கையில் குடியிருந்த கிளார்க்கின் கொழும்பு வீட்டிலேயே இஸ்ரோ ஆட்கள் வந்து ஒரு டிஷ் பொருத்திக் கொடுத்தார்கள். சொன்னவருக்குச் செய்த மரியாதை.) ஆக, வானத்திலிருந்து டிவி கொழும்புக்கு இறங்கியது, சிவகாசிக்கு இறங்கவில்லை.

அடுத்தது சொந்த செயற்கைக்கோள். 1982 ஏப்ரலில் இன்சாட்-1ஏ போனது. ஒன்று மாற்றி ஒன்று கோளாறு, நிலைநிறுத்தும் எரிபொருளும் தீர்ந்து, அதே செப்டம்பரில் கைவிட்டார்கள். இடையில் ஆகஸ்ட் 15ல் தேசிய ஒளிபரப்பு ஆரம்பித்தது. நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியைக் கலரில் காட்டினார்கள். எல்லாம் சரி, ஆனால் நாடு முழுக்கக் கொண்டுபோக வேண்டிய வண்டி மட்டும் செத்துப்போய் மேலே மிதந்துகொண்டிருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்தது இன்சாட்-1பி. இதை ஏற்றிப்போனது சேலஞ்சர் விண்வெளி ஓடம். 1983 ஆகஸ்ட் 30, புளோரிடாவில் நள்ளிரவு தாண்டி இரண்டரை மணி. விண்வெளி ஓடம் இரவில் கிளம்பியது அதுதான் முதல் தடவை. அதற்குக் காரணமே இன்சாட்தான்! இந்தியச் செயற்கைக்கோளை சரியான நேரத்தில், சரியான இடத்தில் இறக்கிவிட வேண்டுமென்றால் ராத்திரிதான் கிளம்பியாக வேண்டும் என்று கணக்கு வந்தது. அந்தப் பயணத்தில் இருந்த கியோன் ப்ளூஃபோர்ட், விண்வெளிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர். இன்சாட்டை வெளியே அனுப்பிய வேலையில் அவருக்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டு டிவி நினைவுகளில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

இறக்கிவிட்டதோடு முடியவில்லை. இன்சாட்-1பியின் சூரியத் தகடு விரியாமல் மாட்டிக்கொண்டது. இன்னொரு 1ஏ ஆகிவிடுமோ என்று பயம். தரையிலிருந்தே திருப்பிப் பார்த்து, வெயில் காட்டி, அசைத்துப் பார்த்து, செப்டம்பர் நடுவில் ஒருவழியாக விரிய வைத்தார்கள். அக்டோபரில் வேலைக்கு வந்தது. அந்தத் தகடு விரியாமல் போயிருந்தால் மகாபாரதமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிய தெருக்களும் இல்லை.

பிறகு நடந்தது ஒரு வேகம். 1984ல் சில மாதங்களுக்குச் சராசரியாக நாளுக்கு ஒன்று என்று நாடு முழுவதும் ஒளிபரப்பிகள் திறந்தார்கள். பெரும்பாலும் 100 வாட் சின்னப் பெட்டிகள், இருபது கிலோமீட்டர் எட்டினாலே அதிகம். அவற்றுக்குச் சொந்த நிகழ்ச்சி கிடையாது. டிஷ்ஷில் விழுவதை அப்படியே சுற்றுவட்டாரத்துக்குத் திருப்பிவிடும், அவ்வளவுதான்.

விழுந்தது டெல்லி.

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்த மாநிலத்தில், இருபது வருஷம் கழித்து, இந்தி வானத்திலிருந்து இறங்கி வந்தது. ‘ஹம் லோக்’ வந்தது, ‘சித்ரஹார்’ வந்தது. எல்லா மாநிலப் பாட்டும் போடும் ‘சித்ரமாலா’வில் ஒரே ஒரு தமிழ்ப் பாட்டுக்காகக் காத்திருந்தவர்கள் கதை தென்மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு உண்டு. இதைச் சதி என்று சொல்வது மிகை. ஆனால் வெறும் தொழில்நுட்ப விஷயம் என்று தள்ளிவிடுவதும் சரியில்லை. செயற்கைக்கோளில் டிவிக்கு இருந்த வழிகள் இரண்டே இரண்டு. அதில் யார் குரல் போகும் என்று தீர்மானித்தது இயற்பியல் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், தமிழ் வேண்டுமென்றால் தென்மாவட்டத்துக்காரர்கள் ஆன்டெனாவைத் தென்கிழக்கே திருப்பினார்கள். இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15ல் தொடங்கியது. பிதுருதலாகல மலை உச்சியிலிருந்து வந்த அலைகள், வெயில் காலத்தில் கடல் மேலே வெப்பமும் ஈரமும் அடுக்கடுக்காக நிற்கும்போது, வளைந்து இந்தப் பக்கம் வரை வந்து விழும். தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையோரத்தில் நன்றாகவே தெரியும். உள்ளே தள்ளிப் போகப் போக நீளமான பைப்பும் பூஸ்டரும் அதிர்ஷ்டமும் வேண்டும். இன்றைக்கு அருமையாகத் தெரியும், நாளைக்குக் கொசு மொய்க்கும். கொடைக்கானல் மலையில் பெரிய கோபுரம் வந்த பிறகுதான் மெட்ராஸ் நிலையம் தென்மாவட்டங்களுக்கு ஒழுங்காகக் கிடைத்தது. ‘ஒளியும் ஒலியும்’ ஞாபகம் இந்த ஊர்களில் சென்னையை விடப் பத்து வருஷம் இளசு என்பதற்கு இதுதான் காரணம்.

சரி, விண்வெளி வழியாக வந்த டிவி விண்வெளியைக் காட்டியதா? காட்டியது. 1984 ஏப்ரல் 3ல் ராகேஷ் சர்மா சோயுஸ் டி-11ல் கிளம்பி சல்யுத்-7 நிலையத்துக்குப் போனார். இந்திரா காந்தி அவரோடு பேசியதைத் தூர்தர்ஷன் காட்டியது. மேலிருந்து இந்தியா எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்கு அவர் இக்பாலின் பாட்டைச் சொன்ன அந்தக் காட்சியை இன்றைக்கும் பெரியவர்கள் நடித்துக் காட்டுவார்கள். ஞாயிறு காலைகளில் ‘ஸ்டார் ட்ரெக்’ வந்தது. முழுக்க ஆங்கிலம். காது நீண்ட ஆள் என்ன சொல்கிறார் என்று புரியாவிட்டாலும் கதவு தானாகத் திறப்பதைப் பார்க்கவே உட்கார்ந்தார்கள். 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழுவின் பாட நிகழ்ச்சி மதியமும் சாயங்காலமும் ஓடியது. கிரகம், நட்சத்திரம், எரிமலை எல்லாம் அதில் உண்டு.

மதியம் ஒரு மணிக்கு சிவகாசி வட்டாரத்துப் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்பதுதான் அடுத்த கேள்வி. 1983 ஜூலையில், அதாவது சேலஞ்சர் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்னால், ஸ்மிது கோத்தாரி என்பவர் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’ இதழில் சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் இருந்த குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விடிவதற்கு முன்பே பஸ்கள் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிப் போவதையும், பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவந்து விடுவதையும் அது நாட்டுக்குச் சொன்னது. இங்கே தொழிற்சாலையை ‘ஆபீஸ்’ என்பார்கள், தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். அங்கே கூலி எண்ணிக்கைக் கணக்கு. குரோஸுக்கு இவ்வளவு.

ராக்கெட் என்றால் அந்தப் பிள்ளைகளுக்கு டிவியில் பார்த்து வியக்கிற பொருள் இல்லை. காகிதக் குழாய் உருட்டுவது, மருந்து அடைப்பது, திரி வைப்பது, குச்சி கட்டுவது என்று கைக்குக் கை மாறிப்போகிற சரக்கு. வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் எரிந்து கீழே புகை தள்ள, மேலே குழாய் போகும். குச்சி, போகிற திசையை நேராக வைக்கும். ஸ்ரீஹரிகோட்டாவில் நடப்பதும் அடிப்படையில் இதுவேதான். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பாடமாகப் படிக்காமல் விரலால் படித்த ஊர் என்று யாராவது பெருமையாக எழுதலாம். அந்தப் பெருமை கொஞ்சம் அசிங்கமானது. விரலால் படித்ததற்குக் காரணம் பள்ளிக்கூடம் போகாததுதானே.

1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10ல் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கு அது. ராகேஷ் சர்மாவைப் பத்து வயதில் பார்த்திருக்க வேண்டிய ஒருவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. 1987 ஜனவரியில் ராமாயணம், 1988 அக்டோபரிலிருந்து 1990 ஜூன் வரை மகாபாரதம். மொழி இந்திதான், ஆனால் கதை தெரியும். ஊரில் இருந்த ஒன்றிரண்டு டிவிக்கு முன்னால் தெருவே உட்கார்ந்தது. பழைய டிவி மேல் இந்த ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு பிரியம் இருப்பதன் ரகசியம் நிகழ்ச்சியின் தரம் என்று நினைக்க முடியவில்லை. அட்டை அம்பு, பொம்மைப் புகை, எல்லாம் இப்போது பார்த்தால் சிரிப்பு வரும். வாரத்தில் கைக்கு வேலை இல்லாத ஒரே காலையில் அது வந்தது.

இதற்கு நடுவில், டிவியைச் சுமந்துபோன அந்த சேலஞ்சர் 1986 ஜனவரி 28ல் ஏழு பேரோடு வெடித்துச் சிதறியது. அந்த வருஷமே இன்னொரு இன்சாட்டோடு ஒரு இந்தியரும் விண்வெளி ஓடத்தில் போவதாக இருந்தது. பி. ராதாகிருஷ்ணன், என்.சி. பட் என்று இரண்டு விஞ்ஞானிகளைத் தேர்வும் செய்திருந்தார்கள். எல்லாம் ரத்து. பூமியின் சுற்றுப்பாதைக்குப் போன அடுத்த இந்தியர் சுபான்ஷு சுக்லா, 2025 ஜூனில். 41 வருஷ இடைவெளி!

தமிழ் செயற்கைக்கோளில் ஏறியது 1993ல். ஏப்ரல் 14ல் சன் டிவி, பிறகு தூர்தர்ஷனின் மாநில மொழிச் சேனல்கள். தெருவுக்குத் தெரு கேபிள்காரர் வந்தார். 2006 முதல் அரசு இலவசக் கலர் டிவி கொடுத்தது, ஒன்றரைக் கோடிக்கும் மேல். ஊருக்கு ஒரு டிவி என்ற காலம் அதோடு முடிந்தது. 2022 வாக்கில் தூர்தர்ஷன் தன் தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டது. 2023 ஆகஸ்ட் 23ல் சந்திரயான்-3 இறங்கியதை ஜனங்கள் பார்த்தது செல்போனில். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர்.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28ல் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே நேராக ஏவினால் இலங்கை குறுக்கே வருகிறது, சுற்றிப் போக எரிபொருள் வீணாகிறது. குலசையிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. ரூபவாஹினிக்காக ஆன்டெனாவைத் திருப்பிய அதே திசை.

மொட்டை மாடி ஆன்டெனாக்கள் எப்போதோ எடைக்குப் போய்விட்டன. இன்சாட்-1பி தன் ஏழு வருஷ ஆயுளைத் தாண்டி உழைத்து 1990களின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றது. அவ்வளவு உயரத்தில் இழுத்துக் கீழே தள்ளக் காற்று கிடையாது. விரிய மறுத்த அந்தத் தகட்டோடு அது இன்னும் மேலேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.