புளியந்தோப்பு: யார் கருங்காலி?

புளியந்தோப்பு என்றால் மெட்ராசில் பலருக்கு ரெண்டு ஞாபகம்தான் வரும். ஒண்ணு ஆடுதொட்டி. இன்னொண்ணு மழைக்காலத்தில் முட்டியளவு தண்ணி. தொழிற்சங்க வரலாறு படித்தவர்களுக்கு மூன்றாவதாக ஒன்று வரும்: 1921. அந்த வருடத்தை வைத்துத்தான் இந்தச் சேரிக்குக் 'கருங்காலி' என்று பட்டம் கட்டினார்கள்.

பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில் 1876இல் வந்தது. கர்நாடிக் மில் 1881இல். ஜனங்கள் வாயில் ரெண்டும் பின்னி மில்லுதான். ஊரில் பண்ணையாளாகக் கிடந்தவனுக்கு இங்கே சங்கு ஊதினால் வேலை, மாசம் முடிஞ்சா கூலி. ஆண்டை இல்லை. சேரிக்காரனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நிலமுள்ளவன் எழுதிய வரலாறு எடை போட்டதில்லை.

1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு, வாடியா, திரு.வி.க. என்று முன்வரிசைப் பெயர்களைச் சொல்கிறோம். அந்த வரிசையில் சேரி ஆள் ஒருவர் உண்டா?

1921இல் வேலைநிறுத்தம் வந்தபோது சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நின்றார்கள். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் உள்ளே போனார்கள். போகச் சொன்னவர்களில் எம்.சி. ராஜாவும் ஒருவர். கம்பெனிக்கு இது லாபம்தான். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கோபம் மில் வாசலோடு நின்றதா? ஜூன் கடைசியில் புளியந்தோப்புக் குடிசைகள் எரிந்தன. ரெண்டு பக்கமும் அடிதடி. ஆகஸ்ட் 29 அன்று போலீஸ் சுட்டதில் வேலைநிறுத்தக்காரர்கள் செத்தார்கள். அந்த உயிர்களும் நமக்கு உயிர்கள்தான். அக்டோபரில் போராட்டம் தோற்று முடிந்தது. 1923இல் ராஜா நீதிக்கட்சியை விட்டு விலகினார்.

நம் கேள்வி இதுதான். வேலைக்குப் போனவனைக் கருங்காலி என்று சொல்லுங்கள், வாதாடலாம். அவன் பொண்டாட்டி பிள்ளை படுத்திருந்த குடிசை என்ன செய்தது? மில்லில் தோழனாக இருந்தவன் சேரி எல்லைக்கு வந்ததும் சாதிக்காரனாக மாறிப்போனான். வர்க்கம் உடைந்தது சேரியால் இல்லை, சாதியால்.

மில் 1996இல் மூடியது. சேரி இருக்கிறது. ஓலை போய்க் குடிசைமாற்று வாரியத்தின் மாடி வந்தது. கே.பி. பார்க்கில் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். 2021 ஆகஸ்டில், குடியேறிய கொஞ்ச நாளிலேயே, கை வைத்தால் சுவர்ப்பூச்சு உதிர்ந்தது. ஐஐடிக்காரர்கள் வந்து சோதித்துப் பார்த்தார்கள்.

குடிசை எரிந்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. அன்றைக்கு ஓலை, இன்றைக்கு சிமெண்ட். சேரிக்குக் கிடைக்கும் கூரை எப்போதும் இப்படித்தான் இருக்க வேண்டுமா? இதைக் கேட்கும் வரலாற்றை இனி புளியந்தோப்புதான் எழுத வேண்டும்.