மலையேற்றமும் அரைப்பேரும்

ஆடி மாதத்து இரவு. ஹட்டனில் பருவமழை தகரக் கூரைமீது இரைகிறது. பிரான்சில் மாலை ஐந்தரை மணியாகும்போது நமக்கு இரவு ஒன்பது. பிரான்சுச் சுற்றுப் போட்டியின் மலைக்கட்டங்கள் பெரும்பாலும் அந்த வேளையில்தான் முடிவடைகின்றன. மலையகத்தில் ஆசிரியராகவும் மாணவராகவும் வாழும் நம்மிற் சிலர், ஒரு கைபேசித் திரையைச் சுற்றிக் குந்தியிருந்து, மூன்று வார காலம் இந்தத் துவிச்சக்கர வண்டியோட்டத்தைத் தொடர்கிறோம். “வெள்ளைக்காரன் விளையாட்டில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு என்ன வேலை?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடப் புகுந்தால், நாம் வரலாற்றுக்குள்ளேதான் நுழைய வேண்டியிருக்கிறது.

இப்போட்டி 1903ஆம் ஆண்டு தோன்றியது. அதைத் தோற்றுவித்தது விளையாட்டு ஆர்வம் மட்டுமன்று, பத்திரிகை வியாபாரமுமாகும். ‘லோட்டோ’ என்னும் விளையாட்டு நாளேடு, தன் போட்டி ஏட்டை வீழ்த்துவதற்கு ஒரு வழி தேடிற்று. அதன் ஆசிரியர் ஆன்றி தெகிராஞ்சு, நாட்டையே சுற்றிவரும் ஓட்டமொன்றை அறிவித்தார். ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீற்றர். இரவிலும் வண்டி மிதித்தாக வேண்டும். முதற் போட்டியில் வென்ற மொறிஸ் கரன், புகைபோக்கி துடைக்கும் தொழிலிலிருந்து வந்தவர். ஓட்டக்காரரின் வியர்வையில் ஏட்டின் விற்பனை இரட்டிப்புக்கும் மேலாகப் பெருகிற்று.

வேதனை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு ஏடுகள் விற்கும். ஆகவே 1910இல் போட்டி பிரனீஸ் மலைகளுக்குள் ஏற்றப்பட்டது. லூசோனிலிருந்து பயோன் வரை 326 கிலோமீற்றர். இடையில் 2,115 மீற்றர் உயரமுள்ள தூர்மலே கணவாய். பாதை என்று சொல்லத்தக்க பாதை அங்கே இருக்கவில்லை. ஒக்தாவ் லாப்பீஸ் என்னும் வீரர் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார். மலையில் நின்ற அமைப்பாளரைக் கண்டதும் கொலைகாரர்கள் என்று ஏசினார். அந்த ஆண்டின் வெற்றியாளரும் அவரே.

1913இல் நிகழ்ந்தது நம் மனத்தை விட்டு அகலாதது. முன்னணியில் நின்ற எழேன் கிறிஸ்தோவ், தூர்மலேயிலிருந்து இறங்குகையில் அவருடைய வண்டியின் முன்கவை முறிந்தது. பிறர் உதவி பெறலாகாது என்பது விதி. அவர் வண்டியைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீற்றருக்கு மேல் நடந்து ஒரு கொல்லுப்பட்டறையை அடைந்தார். தம் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்து முன்கவையைப் பொருத்தினார். அதிகாரிகள் அருகில் நின்று பார்த்தனர். ஒரு சிறுவன் துருத்தி ஊதிக் கொடுத்தான். அதற்காக அவருடைய கணக்கில் தண்ட நிமிடங்கள் ஏற்றப்பட்டன.

மலையகத்தார் இந்தக் கணக்கை எளிதில் விளங்கிக்கொள்வர். தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்கிறோம். விடியற்காலைக் குளிரில் மலைக்குப் போய், அட்டைக் கடியிலும் மழையிலும் நின்று கொழுந்து பறித்த பின்னரும், நிறுவையில் நிர்ணயித்த நிறை காணாவிட்டால் ‘அரைப்பேர்’தான் விழும். ஏற்றம் எவ்வளவு செங்குத்து, அன்று மழை எவ்வளவு என்பன செக்ரோலில் பதிவதில்லை. எதை அளக்க வேண்டும், எதை அளவுக்குப் புறத்தே விட வேண்டும் என்று தீர்மானிப்பவன் ஏறுபவன் அல்லன், அவனை ஏற்றுபவன். பட்டறையில் நின்ற அதிகாரியும் நிறுவைத் தராசின் அருகே நிற்பவரும் வேறு வேறு உலகத்தார் அல்லர்.

எனினும் ஓட்டக்காரர்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. முந்திய ஆண்டின் வெற்றியாளரான ஆன்றி பெலிசியே, 1924இல் தம் தம்பியுடனும் மற்றொரு வீரருடனும் போட்டியை விட்டு விலகினார். விடியற்குளிருக்கு இரண்டு மேலாடை அணிந்து புறப்பட்டவர், வெயிலேறிய பின் ஒன்றைக் கழற்றி எறியக் கூடாதாம்! அவர்களைச் சந்தித்து எழுதிய அல்பேர் லொந்தர், அதற்கு முந்திய ஆண்டுதான் கயேன் தீவாந்தரச் சிறையின் கொடுமைகளை உலகறியச் செய்திருந்தார். ஓட்டக்காரரைப் ‘பாதையின் கடூழியக் கைதிகள்’ என்று சுட்டும் வழக்கு அவருடைய எழுத்தோடு பிணைந்து நிலைத்தது.

இனி நம் பாதைகளை நோக்குவோம். கம்பளை 500 மீற்றருக்கும் குறைந்த உயரத்தில் உள்ளது. நுவரெலியா 1,868 மீற்றரில் நிற்கிறது. றம்பொடையின் கொண்டையூசி வளைவுகளில் வண்டி மிதித்த எவரும் அந்த வேறுபாட்டைத் தொடையில் உணர்வர். இத்தகைய பாதைகள் யாருடைய உழைப்பு? 1848ஆம் ஆண்டின் பாதைச் சட்டம், 18 முதல் 55 வயது வரையுள்ள ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் பாதை வேலை செய்ய வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும் என்றது. அவ்வாண்டு மாத்தளையில் மூண்ட கிளர்ச்சிக்கு அச்சட்டமும் ஒரு காரணம். சிங்கள விவசாயியின் முதுகில் விழுந்த அதே காலத்துச் சுமை, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மாத்தளை வந்து சேர்ந்த தமிழ்க் கூலியின் முதுகிலும் விழுந்தது. வழியில் மடிந்தோர் பலர்.

பாதை மட்டுமா? சக்கரமும் அப்படித்தான். 1876இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த றப்பர் கன்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. 1888இல் டன்லொப் காற்றடைத்த சக்கரத்தைக் கண்டார். ஐரோப்பாவில் துவிச்சக்கர வண்டி மோகம் எழுந்தது. அதன் பின் மோட்டார் வண்டி வந்தது. இலங்கையிலும் மலாயாவிலும் தமிழர் கைகள் பால்வெட்டத் தொடங்கின. சுற்றுப் போட்டியின் சரித்திரத்திலே நம்மவர் இல்லை என்பது, ஆகவே, முழு உண்மையன்று.

மலையேற்றப் போட்டி நம் மண்ணுக்குப் புதியதுமன்று. நுவரெலியாவின் மகாகஸ்தோட்டைத் தோட்டத்துப் பாதையிலே மோட்டார் வண்டிகளை ஏற்றி நேரம் பார்க்கும் போட்டி 1930களில் தோன்றியது. துரைமார் ஏறிய நேரம் ஏட்டில் பதிவாயிற்று. அதே ஏற்றத்தில் கொழுந்துக் கூடையுடன் ஏறியவளின் நேரத்தை யாரும் குறிக்கவில்லை. இன்று விமானப்படை நடத்திவரும் பல கட்டச் சவாரிகளும், சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்கு ஊர் நடக்கும் ஓட்டங்களும் நமக்கு உண்டு. ஆனால் பந்தய வண்டி ஒன்றின் விலை தோட்டத் தொழிலாளியின் பல ஆண்டுக் கூலி. லயத்துப் பிள்ளையின் நுரையீரலில் வலுவில்லை என்பதன்று குறை.

இந்த விளையாட்டில் நாம் மெச்சுவது ஒன்றுண்டு. வெல்பவர் ஒருவர், அவருக்காகக் காற்றைத் தாங்கி முன்னே மிதிப்போர் பலர். அவர்களுக்கு பிரெஞ்சு மொழியில் ‘வேலைக்காரர்’ என்றே பெயர். ஆயினும் வென்றவர் பரிசுப் பணத்தைத் தம் குழுவினரோடு பகிர்ந்துகொள்வது அங்கே வழக்கமாகிவிட்டது. கூட்டு உழைப்பின் பயனைக் கூட்டாகப் பகிர வேண்டும் என்னும் எளிய நீதியை, வியாபாரத்துக்காகப் பிறந்த ஒரு பந்தயத்தின் வீரர்களே கற்றுக்கொண்டார்கள். தேயிலை வியாபாரம் இன்னும் அதைக் கற்கவில்லை.

தலைமை ஓட்டக்காரருக்குரிய மஞ்சள் மேலாடை 1919இல் அறிமுகமானபோது, அதை முதன்முதலில் அணிந்தவர் கிறிஸ்தோவ். அந்த ஆண்டும் அவருடைய முன்கவை முறிந்தது. சுற்றுப் போட்டியை அவர் ஒருபோதும் வென்றதில்லை. ஆனால் அந்தக் கொல்லுப்பட்டறை இருந்த ஊரிலே அவர் பெயர் பொறித்த நினைவுக் கல் இருக்கிறது.

நாம் அடுத்த ஆடியிலும் திரையின் முன் கூடுவோம், ஏறுபவர்களுக்காக ஆரவாரிப்போம். அதோடு நம் மாணவர்களிடம் ஒரு பணியையும் ஒப்படைப்போம். அவரவர் தோட்டத்துப் பாதையை வெட்டியோர் யார், அதில் நடந்தோர் யார் என்று முதியோரைக் கேட்டு எழுதட்டும். அந்த ஏட்டில் எவருக்கும் அரைப்பேர் போடலாகாது.