கஸ்ப்ரா: நொடிக்கு நாற்பது பிட்

கிரைமியாவின் தென்கரையில் கஸ்ப்ரா என்றொரு ஊர் இருக்கிறது. 1901இல் திருச்சபை விலக்கிவைத்த டால்ஸ்டாய், உடம்பு முடியாமல் போய்த் தங்கியது அங்கேதான். செக்காவும் கார்க்கியும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இலக்கியம் வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தால் அநேகமாக இந்த வழியாகத்தான் தெரிந்திருக்கும். அதே பெயரில் வானத்தில் ஒரு கல்லும் உண்டு.

1916 ஜூலை 30 அன்று, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அதே கரையோரத்தில் இருந்த சிமெய்ஸ் வானாய்வகத்தில் கிரிகோரி நெயுமின் அந்தச் சிறுகோளைக் கண்டுபிடித்தார். எண் 951. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கும் சிறுகோள் பட்டையின் உள்விளிம்புப் பகுதியில் சுற்றுகிறது. பக்கத்து ஊரின் பெயரையே அதற்கு வைத்தார். அடுத்த போரில் அந்த ஆய்வகம் சூறையாடப்பட்டது. 75 வருஷம் கஸ்ப்ரா வெறும் ஒளிப்புள்ளி, அவ்வளவுதான்.

அதை ஓர் இடமாக மாற்றியது கலிலியோ விண்கலம். அது போக வேண்டிய இடம் வியாழன். கஸ்ப்ரா வழியில் வந்த ஊர் மாதிரி. 1986இல் கிளம்பியிருக்க வேண்டிய கலம், சேலஞ்சர் விபத்தால் 1989 அக்டோபர் வரை காத்துக் கிடந்தது. இடையில் லாரியில் ஏற்றி புளோரிடாவிலிருந்து கலிபோர்னியாவுக்கும் மறுபடி புளோரிடாவுக்கும் கொண்டுபோனார்கள். 1991 ஏப்ரலில், குடைபோல மடித்து வைத்திருந்த 4.8 மீட்டர் ஆண்டெனாவை விரிக்கச் சொன்னபோது அது பாதியில் சிக்கிக்கொண்டது. லாரிப் பயணங்களின் குலுக்கலில் கம்பிகளிலிருந்த உலர் மசகு தேய்ந்துபோயிருக்கும் என்பதுதான் பொறியாளர்கள் வந்துசேர்ந்த முடிவு. விண்வெளியில் நடந்த கோளாறு, ஆனா காரணம் கிடந்தது நெடுஞ்சாலையில்!

மிஞ்சியது ஒரு சின்ன ஆண்டெனா. வேகம் நொடிக்கு 40 பிட். கலிலியோ கேமராவின் ஒரு படம் 800க்கு 800 புள்ளி, புள்ளிக்கு 8 பிட். வகுத்துப் பாருங்கள்: ஒரே படத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள். பெரிய ஆண்டெனா விரிந்திருந்தால் முக்கால் நிமிஷம்கூட ஆகியிருக்காது.

1991 அக்டோபர் 29 அன்று கலம் சுமார் 1,600 கிலோமீட்டர் தூரத்தில், நொடிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் கஸ்ப்ராவைக் கடந்தது. படங்கள் நாடாவில் பதிந்தன. நவம்பரில் கொஞ்சம் வந்தது. மற்றவை 1992இல்தான் வந்து சேர்ந்தன. ஒரு சிறுகோளை மனிதர்கள் நெருங்கிப் பார்த்தது அதுவே முதல்முறை. உருளைக்கிழங்குபோல ஒரு கல், நீளவாக்கில் 18 கிலோமீட்டர், உடம்பெல்லாம் குழிகள்.

அந்தக் குழிகளுக்கு உலகத்தின் நீரூற்று, ஓய்வு ஊர்களின் பெயர்களை வைத்தார்கள்: பாத், பாடன்-பாடன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத கல்லில்! பெரிய நிலப்பரப்புகளுக்கு நெயுமின், டன், யேட்ஸ் என்று பெயர். முதலாமவர் அதைப் புள்ளியாகக் கண்டவர். மற்ற இருவரும் கலிலியோ திட்டத்தில் உழைத்தவர்கள்.

விண்வெளி வரலாற்றை நாம் பெரும்பாலும் ராக்கெட் கிளம்பிய தேதிகளாக ஞாபகம் வைத்திருக்கிறோம். கஸ்ப்ராவின் வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கப்புறம் வந்த மாதங்கள்தான். விரியாத ஆண்டெனாவை வைத்துக்கொண்டு, எந்தப் படத்தை முதலில் இறக்குவது, எதைக் காக்க வைப்பது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்களின் மாதங்கள்.