தலைகீழாகச் சோதிக்கப்பட்ட வல்லாரை

ஒரு மூலிகைச் சாறு புண்ணை ஆற்றுமா என்று இன்று பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் தட்டில் வளர்த்த தோல் செல்கள், அடுத்து எலி, கடைசியில்தான் மனிதர். வல்லாரை விஷயத்தில் மனிதர்தான் முதலில் மாட்டினார்.

1852இல் மொரீஷியஸில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் புவாலோ, தொழுநோய்க்கு வல்லாரை உதவும் என்று அறிவித்தார். மூன்றே ஆண்டுகளில், 1855இல், ஹன்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொழுநோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். புதுச்சேரியில் மருந்தாளராக இருந்த லெப்பின், இதே செடியிலிருந்து எண்ணெய் போன்ற கசப்புப் பொருளைப் பிரித்து, வல்லாரையை வைத்தே அதற்கு 'வெல்லரின்' எனப் பெயரிட்டார். 1868இல் இந்திய மருந்து நூலிலும் செடிக்கு இடம் கிடைத்தது. ஆனால், செடிக்குள் வேலை செய்வது எது என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

பிடி கிடைத்தது மடகாஸ்கரில். அங்கு விளைந்த வல்லாரையிலிருந்து 1941இல் போன்தெம் 'ஆசியாட்டிகோசைடு' என்ற பொருளைப் பிரித்தார். பியேர் புவாத்தோவும் மடகாஸ்கர் அறிவியலாளர் ரத்சிமமங்காவும், தொழுநோயில் வரும் ஆறாத புண்களை அது ஆற்றுவதைப் பற்றி 1956இல் எழுதினார்கள். பிறகு 'மேடிகசால்' என்ற பெயரில் வல்லாரை பிரான்ஸின் மருந்துக் கடைகளுக்கு வந்தது.

செல்களின் முறை வரும்போது ஆண்டு 1990. பிரான்ஸில் மக்கார் குழுவினர், தோலுக்கு உறுதி தரும் கொலாஜனை உண்டாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை வளர்த்து, வல்லாரைச் சாற்றை ஊற்றினார்கள். கொலாஜன் கூடியது. சாற்றிலுள்ள மூன்று முக்கியப் பொருள்களைத் தனித்தனியே சோதித்தபோது, அந்த வேலையைச் செய்தது ஆசியாட்டிக் அமிலம் மட்டுமே. அத்தனை பேசப்பட்ட ஆசியாட்டிகோசைடு இங்கே பின்தங்கிவிட்டது!

ஆய்வகங்களில் இப்போது பரவலாக இருப்பது கீறல் சோதனை. தட்டின் அடியில் செல்கள் இடைவெளியின்றிப் படர்ந்ததும், பிப்பெட்டின் மஞ்சள் முனையால் நடுவே ஒரு கோடு இழுப்பார்கள். பிய்ந்த செல்களைக் கழுவி எடுத்துவிட்டு, ஒரு தட்டில் சாறு, இன்னொன்றில் சாற்றைக் கரைத்த திரவம் மட்டும். உடனே ஒரு படம், 24 மணி நேரம் கழித்து ஒரு படம். கோடு எந்தத் தட்டில் அதிகம் மூடியிருக்கிறது என்று அளப்பார்கள்.

பார்க்க எளிது, ஏமாறுவதும் எளிது. செல்கள் நகர்ந்து வந்தும் கோடு மூடலாம், பெருகியும் மூடலாம். அதனால் கவனமானவர்கள் மைட்டோமைசின் சேர்த்துப் பெருக்கத்தை நிறுத்திவிட்டுத்தான் நகர்வை அளக்கிறார்கள். செல்லைக் கொல்லாத அளவு எது என்பதையும் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். அப்படியும் அந்தத் தட்டில் ரத்தம் இல்லை, கிருமி இல்லை, சீழும் இல்லை.

1999இல் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தார் விலங்குகளுக்கே போனார்கள். கினிப்பன்றிகளின் காயத்தில் 0.2 சதவீத ஆசியாட்டிகோசைடு கரைசலைத் தடவினார்கள். ஆறிவந்த தோலின் இழுவைத் தாங்குதிறன் 57 சதவீதம் கூடியிருந்தது. சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின், எளிதில் ஆறாத காயங்களிலும் அது பலன் தந்தது. தட்டில் பின்தங்கிய பொருள் உயிருள்ள தோலில் முன்னே வந்தது.