22 இன்ச் வண்டியும் 56-ஆம் நம்பரும்

இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, நடுவுல கழுத்து வலி வேற. அந்தக் கழுத்து வலியோட வரலாறுதான் இன்னைக்குப் பதிவு. வரலாறுன்னா நிஜ வரலாறு, 1870-கள்ல இருந்து. கொட்டாவி வர்றவங்க கடைசி நாலு பத்திக்குத் தாவிடலாம், தப்பா நினைக்க மாட்டேன் :-)

விஷயம் இதுதான். போன வருஷம் ஒரு ரோடு பைக் வாங்கினேன். வளைஞ்ச ஹேண்டில்பார், ஒல்லி டயர் எல்லாம் இருக்குமே, அந்த ரகம். செகண்ட் ஹேண்ட், நல்ல விலை. ஃப்ரேம் சைஸ் 56-ன்னு போட்டிருந்தது. வித்தவர் "உங்க ஹைட்டுக்குச் சரியா இருக்கும்"னார். எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. எங்க வீட்டுல நான் சின்னப் பையனா இருந்ததுல இருந்து நிக்கிறது அப்பாவோட 22 இன்ச் வண்டி. 22-ஐ 2.54-ஆல பெருக்கினா 55.88. ஆக 56! அப்பா வண்டியில ஓட்டிப் பழகின எனக்கு இதுதானே சைஸ்? இன்ஜினியர் மூளை. பணத்தைக் கொடுத்துட்டேன்.

முதல் ஞாயித்துக்கிழமை திருப்பரங்குன்றத்துல இருந்து திருமங்கலம் கிளம்பினேன். கப்பலூர் தாண்டறதுக்குள்ள சுண்டு விரல் மரத்துப் போச்சு. திரும்பி வரும்போது கழுத்து நிமிரலை. அடுத்த மூணு வாரமும் இதே கதை. அப்புறம்தான் உக்காந்து இந்த நம்பர் எல்லாம் எங்கேருந்து வந்ததுன்னு தேட ஆரம்பிச்சேன்.

ஆச்சரியம் என்னன்னா, சைக்கிளை ஆளுக்குத் தகுந்த மாதிரி அளவெடுக்கிற பழக்கம் ஆரம்ப காலத்துலயே இருந்திருக்கு. 1870-கள்ல முன்னாடி ராட்சச சக்கரமும் பின்னாடி குட்டிச் சக்கரமும் வச்ச வண்டி வந்துச்சு இல்லையா? அதுல செயினே கிடையாது. பெடல் நேரா முன் சக்கரத்து அச்சுலயே இருக்கும். சக்கரம் பெருசானா ஒரு மிதிக்கு அதிக தூரம் போகும். ஆனா கால் எட்டணுமே! அதனால ஆளோட கால் நீளத்தைப் பார்த்துத்தான் 50 இன்ச், 54 இன்ச், 58 இன்ச்னு சக்கரம் வாங்கினாங்க. தையக்காரர் பேண்ட்டுக்கு அளவெடுக்கிற மாதிரி.

1885-ல் இங்கிலாந்து கவென்ட்ரியில ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' வண்டியைக் கொண்டு வந்தார். பின் சக்கரத்துக்குச் செயின், கிட்டத்தட்ட ஒரே அளவுல ரெண்டு சக்கரம். கால் நீளத்துக்கும் சக்கரத்துக்கும் இருந்த சம்பந்தம் அதோட அறுந்துச்சு. அடுத்த சில வருஷத்துல இன்னைக்கும் நாம பாக்கிற டயமண்ட் ஃப்ரேம் வந்தது. அளவு சக்கரத்துல இருந்து சீட் பைப்புக்கு மாறிச்சு. பெடல் அச்சுல இருந்து சீட் பைப் முடியிற இடம் வரைக்கும் எத்தனை இன்ச்? அதுதான் ஃப்ரேம் சைஸ். மேல் பார் தரைக்குப் படுக்கையா இருக்கிறதால, சீட் பைப் நீளமானா பாரும் உயரும்.

ஆங்கிலேயர்கள் ஆம்பளைங்களுக்குன்னு செஞ்ச ரோட்ஸ்டர் வண்டிகள்ல 22, 24 இன்ச் ரெண்டும் முக்கியமான அளவு. அதே அச்சு கப்பலேறி இங்க வந்துச்சு. அப்புறம் இங்கேயே செய்ய ஆரம்பிச்சாங்க. 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்து டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோட சேர்ந்து டிஐ சைக்கிள்ஸை ஆரம்பிச்சது, அம்பத்தூர்ல ஹெர்குலிஸ் உருவாச்சு. 1951-ல் சோனிபட்ல அட்லஸ், 1956-ல் லூதியானால ஹீரோ. கம்பெனி நம்மளுது, இரும்பு நம்மளுது, அளவு மட்டும் அதே 22, 24.

அந்த 22 இன்ச் வண்டியில 28 இன்ச் சக்கரம். பார் தரையில இருந்து 80 செ.மீ.க்கு மேல நிக்கும். எங்க அப்பா 5 அடி 4 அங்குலம். கால் உள்ளளவு 75 செ.மீ. தேறினா அதிகம். அதாவது பாருக்கு ரெண்டு பக்கமும் காலைப் போட்டு ரெண்டு பாதமும் தரையில படற மாதிரி அவரால நிக்கவே முடியாது. தாத்தா இன்னும் மோசம். ஹார்விபட்டியில இருந்து மில்லுக்கு 24 இன்ச் வண்டியில போனவர், அப்பாவை விடக் குட்டை! ஏன் தாத்தா அவ்வளவு பெரிய வண்டின்னா, "பெரிய வண்டிதாண்டா லோடு தாங்கும்"பாராம். அப்ப யாரும் சவாரி சுகத்துக்கு சைக்கிள் வாங்கலையே. கேரியர்ல அரிசி மூட்டை, பார்ல புள்ளை, ஹேண்டில்ல தூக்குவாளி.

வண்டி மாறாததால மனுஷன் மாறினான். பெடல்ல ஒரு கால் வச்சு, தத்தித் தத்தித் தள்ளி, பின்னாடி காலை வீசி ஏறுறது. நிக்கணும்னா திண்ணையோ மைல்கல்லோ தேடி ஒரு கால ஊனுறது. நம்ம 'குரங்கு பெடல்' மட்டும் என்ன? சீட்டுக்குக் கால் எட்டாத பசங்க, பாருக்குக் கீழ முக்கோணத்துக்குள்ள வலது காலை விட்டு, உடம்பை வில்லா வளைச்சு ஓட்டினது. 2024-ல் அந்தப் பேர்லயே சினிமா வந்துச்சு. நாம எல்லாரும் அதை நினைச்சுக் கொசுவத்தி சுத்துறோம், நானும்தான். ஆனா நிதானமா யோசிச்சா, குழந்தைக்கு ஏத்த அளவுல வண்டி இல்லைங்கிறதோட அடையாளம் அது.

அளவு இல்லாததுல அதிகம் இழந்தது பொம்பளைங்கதான். பார் வச்ச வண்டி, மேல சேலை. எங்க அம்மா கடைசி வரைக்கும் சைக்கிள் கத்துக்கலை. "அந்தக் கம்பியைத் தாண்டி எப்படிடா ஏறுறது?" அவ்வளவுதான் காரணம். ஆனா புதுக்கோட்டை மாவட்டத்துல வாக்கப்பட்ட பெரியம்மா ஓட்டுவாங்க! 1990-களோட ஆரம்பத்துல, ஷீலா ராணி சுங்கத் அங்க கலெக்டரா இருந்தப்ப, அறிவொளி இயக்கம் எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக் கொடுத்துச்சு. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் வண்டி போதுமான அளவு கிடைக்காததால ஜென்ட்ஸ் வண்டியிலயே ஏறினாங்க. பார்ல புள்ளையை உக்கார வைக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டுன்னு பி. சாய்நாத் எழுதியிருக்கார். பெரியம்மாவுக்கும் வண்டி பெருசுதான். ஆனா அவங்களுக்கு ஒரு வண்டி கிடைச்சதே பெருசு. அளவைப் பத்திப் பேச, முதல்ல கையில வண்டி இருக்கணும் இல்லையா?

நான் பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு இலவச சைக்கிள் வாங்கினேன். எங்க கிளாஸ்ல குட்டையா இருந்தவனுக்கும் நெட்டையா இருந்தவனுக்கும் அதே வண்டி. யாரும் குறை சொல்லலை. சைக்கிளுக்கு அளவு உண்டுன்னே எங்களுக்குத் தெரியாது.

சரி, மேட்டருக்கு வருவோம். என் 55.88 கணக்கு எங்க தப்பாச்சு? ரோட்ஸ்டர்ல சீட் பைப் நல்லாச் சாஞ்சிருக்கும். ஹேண்டில் நம்மளை நோக்கி வளைஞ்சு வரும். அதனால ஃப்ரேம் பெருசா இருந்தாலும் நிமிர்ந்து உக்காரலாம். ரோடு பைக்ல ஹேண்டில் நம்மளை விட்டு முன்னாடி போகும். ஃப்ரேம் பெருசானா நீளமும் கூடும், அதுக்கு மேல ஹேண்டில் வேற தள்ளிப் போகும். கையை நீட்டி, தோளை இறுக்கி, உடம்பு பாரம் பூரா உள்ளங்கையில. நம்பர் ஒண்ணுதான், உக்காரும் விதம் வேற.

டூர் டி பிரான்ஸை மூணு தடவை ஜெயிச்ச (1986, 1989, 1990) அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் பேரால பரவின கணக்கு ஒண்ணு இருக்கு. செருப்பில்லாம சுவத்துல முதுகு ஒட்டி நில்லுங்க. ஒரு தடிப் புத்தகத்தைக் கால் நடுவுல சீட் மாதிரி அழுத்தி வச்சு, அதோட மேல் விளிம்புல இருந்து தரை வரைக்கும் அளங்க. அதை 0.883-ஆல பெருக்கினா பெடல் அச்சுல இருந்து சீட் உச்சி வரைக்கும் உயரம். 0.65-ஆல பெருக்கினா பழைய முறை ஃப்ரேம் சைஸ். எனக்கு 78 செ.மீ. சீட் உயரம் 69, ஃப்ரேம் 51. நான் வாங்கினது 56. அவ்வ்வ்வ்!

இதுலயும் ஒரு திருப்பம். 1990-களோட கடைசியில தைவான் ஜெயன்ட் கம்பெனிக்காக மைக் பரோஸ்ங்கிற ஆங்கிலேயர் மேல் பாரைப் பின்னாடி சரிய விட்டு ஒரு ரோடு பைக் வடிவமைச்சார். எஸ், எம், எல்-னு சட்டை மாதிரி சில சைஸ்லயே நிறைய பேருக்குச் சரிக்கட்டலாம்னு கணக்கு. அது பரவின பிறகு சீட் பைப் நீளம் அளவைச் சொல்றதில்லை. ஒரு கம்பெனி 52-ம் இன்னொரு கம்பெனி 52-ம் வேற வேற. அதனால இப்ப பாக்க வேண்டியது ரெண்டு நம்பர். பெடல் அச்சுல இருந்து ஹெட் ட்யூப் உச்சி எவ்வளவு உயரத்துல இருக்கு, அது ஸ்டாக். எவ்வளவு முன்னாடி இருக்கு, அது ரீச். புதுசா வாங்கறவங்க உயரத்தை மட்டும் சொல்லி வாங்காதீங்க. சீட்டை ஏத்தி இறக்கலாம், ஸ்டெம்மைக் கொஞ்சம் மாத்தலாம், ஃப்ரேமை வெட்ட முடியாது. ரெண்டு சைஸுக்கு நடுவுல மாட்டினா, முதல் வண்டிக்குச் சின்னதை எடுக்கிறதுதான் பெரும்பாலும் நல்லது. கணக்கு ஆரம்பம்தான், ஒரு அஞ்சு கிலோமீட்டராவது ஓட்டிப் பாத்துட்டுப் பணம் கொடுங்க.

56-ஐ நஷ்டத்துக்குத் தள்ளிட்டு, போன மாசம் சின்ன ஃப்ரேம் ஒண்ணு வாங்கினேன். திருமங்கலம் போய் வந்தேன். விரல் மரக்கலை.

வீட்டு வாசல்ல நிறுத்தியிருந்தப்ப அப்பா வந்து சுத்திப் பாத்தார். விலையைக் கேட்டு ஒரு தடவை தலையில கை வச்சார். அப்புறம் மெதுவா காலைத் தூக்கிப் போட்டு, பாருக்கு ரெண்டு பக்கமும் நின்னார். குனிஞ்சு தன் காலையே பாத்தார்.

"ரெண்டு காலும் தரையில படுதுடா"ன்னார்.

நாப்பது வருஷமா சைக்கிள் மிதிச்ச மனுஷன்.

உங்க வீட்டு வண்டி எத்தனை இன்ச் மக்களே? அதை ஓட்டினவங்க உயரம் என்ன? அளந்து பாத்துச் சொல்லுங்க.